அடுக்கு மேல அடுக்கு ஊத்துறவங்களுக்கு: ஜெல்காஸ்டிங் கேள்வி பதில்

போன இதழ்ல செராமிக் பொடியை ஜெல்லா உறைய வச்சு அடுக்கடுக்கா வார்க்கிற ஜெல்காஸ்டிங் முறை பத்தி அரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன், அதுக்கே இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. நிறைய பேர் லேப்ல கை வச்சு செஞ்சு பார்த்துட்டு, பிளந்து போச்சு, வளைஞ்சு போச்சுன்னு போட்டோவோட அனுப்பியிருக்கீங்க. ஒரே மாதிரி கேள்விகளை சேர்த்து பதில் சொல்றேன்.

கேள்வி: சார், சோல்-ஜெல்லும் ஜெல்காஸ்டிங்கும் ஒண்ணா? ஸ்லிப் காஸ்டிங் இருக்கும்போது இது எதுக்கு?

ரெண்டும் வேற வேற. பேர்ல ஜெல் இருக்கிறதால நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. சோல்-ஜெல்ல, கரைசல்ல இருக்கிற மூலக்கூறுகளே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஜெல்லாகி, அந்த ஜெல்லேதான் கடைசியில செராமிக்கா மாறுது. ஜெல்காஸ்டிங்ல செராமிக் பொடி முதல்லயே ரெடி. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பொடின்னு வச்சுக்கோங்க, அதை மோனோமர் (ஒண்ணோட ஒண்ணு கோத்து பாலிமர் சங்கிலியா மாறுற சின்ன மூலக்கூறு) கரைஞ்ச தண்ணியில கெட்டியா கலந்து ஸ்லரி ஆக்கி மோல்டுல ஊத்துறோம், அந்த மோனோமர் பாலிமரா மாறும்போது ஒரு வலை மாதிரி பின்னிக்கிட்டு ஒவ்வொரு துகளையும் இருந்த இடத்துலயே பிடிச்சு வச்சிடுது. பாலிமரோட வேலை பிடிச்சு நிறுத்துறது மட்டும்தான், அப்புறம் சூட்டுல எரிஞ்சு போயிடும். 55 சதவீத கொள்ளளவு பொடி இருக்கிற அலுமினா ஸ்லரியில, தண்ணியில 15 சதவீதம் மோனோமர் போட்டிருந்தா, காய்ஞ்ச பீஸ்ல பாலிமர் எடைக்கு வெறும் 3 சதவீதம்தான் வரும். அவ்வளவு கொஞ்சமா இருந்துமே காய்ஞ்ச பீஸை மெஷின்ல வச்சு கடையலாம், துளை போடலாம். சுடாத பானையை பச்சைப் பானைன்னு சொல்றோம்ல, அந்த பச்சை நிலையிலயே இவ்ளோ பலம் வர்றதுதான் இந்த முறையோட பெரிய வரம்.

அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்துல மார்க் ஜானி, ஒக்பெமி ஒமட்டெட்டே குழு உருவாக்கின முறை இது, 1991ல கட்டுரையா வெளிவந்தது. ஸ்லிப் காஸ்டிங்ல பிளாஸ்டர் மோல்டு தண்ணியை உறிஞ்சித்தான் கெட்டியாகணும், கனம் கூடக்கூட நேரம் ரொம்ப இழுக்கும், ரெண்டு மடங்கு கனத்துக்கு நாலு மடங்கு நேரம். அடுக்கா போடுறவங்களுக்கு இன்னும் கஷ்டம், ரெண்டாவது அடுக்கோட தண்ணி முதல் அடுக்கு வழியாத்தான் கீழ இறங்கணும். ஜெல்காஸ்டிங்ல தண்ணி எங்கயும் போகத் தேவையில்ல, ஊத்தின இடத்துலயே உறைஞ்சிடும்.

கேள்வி: ஒரே கட்டியா செஞ்சா போதாதா? அடுக்கா செஞ்சா உண்மையிலயே பலம் கூடுமா, இல்ல ஆராய்ச்சிக்காக மட்டும் செய்றதா?

உண்மையிலயே கூடும், ஆனா "பலம்"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு: ஆரம்பிச்ச விரிசலை ஓட விடாம திருப்புறது, விரிசலை வாய் திறக்கவே விடாம தடுக்கிறது. செராமிக்கோட குறை என்னன்னா ஒரு விரிசல் ஆரம்பிச்சா நிக்காது, நேரா மறுபக்கம் வரைக்கும் ஓடிடும். சிப்பியோட உள்பக்கம் பளபளன்னு இருக்கிற முத்துச்சிப்பி அடுக்கை எடுத்துக்கோங்க, அதுல 95 சதவீதம் வெறும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லு ஜாதி, ஆனா அரை மைக்ரான் கனத்துல தகடு தகடா அடுக்கி நடுவுல மெல்லிசா புரதம் வச்சிருக்கிறதால விரிசல் வளைஞ்சு வளைஞ்சு போய் சக்தி இழந்துடுது. 1990ல கிளெக்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு சிலிக்கான் கார்பைடு தகடுகளுக்கு நடுவுல கிராஃபைட் பூசி அடுக்கி சின்டர் (துகள்கள் ஒட்டிக் கெட்டியாகுற மாதிரி அதிக சூட்டுல சுடுறது) பண்ணினாங்க, சாதாரண சிலிக்கான் கார்பைடை விட உடைக்கிறதுக்கு தேவையான சக்தி நூறு மடங்குக்கு மேல கூடுச்சு. விரிசல் கிராஃபைட்டை தொட்டதும் நேரா போகாம பக்கவாட்டுல திரும்பிடுச்சு, அடுத்த தகட்டை புதுசா உடைக்கணும், மறுபடி திரும்பணும், இப்படியே.

இது ஒரு வழி: அடுக்குகளுக்கு நடுவுல வேணும்னே பலவீனமான கோடு வைக்கிறது. இன்னொரு வழி இதுக்கு நேர் எதிர். அடுக்குகளை இறுக்கமா ஒட்ட வச்சு, ஆனா ரெண்டும் வேற வேற அளவுல சுருங்குற பொருளா எடுத்து, ஆறும்போது வெளி அடுக்கு அமுக்கத்துல மாட்டிக்கிற மாதிரி செய்றது. அமுக்கத்துல இருக்கிற அடுக்குல விரிசல் வாயைத் திறக்கவே கஷ்டப்படும்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கிறது ஒண்ணுதான், ஸ்லரி கலக்குறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்ணிடுங்க. வந்திருக்கிற பாதி கடிதங்கள்ல பிரச்சனை இங்கதான். அடுக்கு பிரிஞ்சு வந்த பீஸை காட்டி "பலவீனமான இடைமுகம் (ரெண்டு அடுக்கு சேர்ற கோடு) கிடைச்சிருக்கு, இது நல்லதுதானே சார்"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இல்லைங்க, அது ஒட்டாம போன பீஸ். ரெண்டு பக்கமும் ஒரே பொருள்னா நடுக்கோட்டோட முறிவு எதிர்ப்பு அடுக்கோட எதிர்ப்புல நாலுல ஒரு பங்குக்கு கீழ இருந்தாத்தான் விரிசல் திரும்பும்னு ஹீ, ஹட்சின்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1989ல கணக்கு போட்டு காட்டினாங்க. அந்த பலவீனம் கோடு முழுக்க சீரா இருக்கணும். ஒரு இடத்துல ஒட்டி ஒரு இடத்துல காத்து புகுந்து கிடக்கிறதை வச்சு அது நடக்காது. பலவீனமான அடுக்கு வேணும்னா அதுக்குன்னு தனியா ஒரு ஸ்லரி செய்யணும், ஸ்டார்ச் துகளோ பாலிமர் மணியோ கலந்து ஊத்தினா எரிஞ்சு போனப்புறம் அங்க துளை நிறைஞ்ச அடுக்கு நிக்கும். துளையும் கொஞ்சநஞ்சம் பத்தாது, மூணுல ஒரு பங்குக்கு மேல வேணும்.

கேள்வி: மீத்தாக்ரிலமைடுங்கிற மோனோமர் வச்சு அலுமினா 5 அடுக்கு போட்டேன். காய்ஞ்சதும் 3வதுக்கும் 4வதுக்கும் நடுவுல மட்டும் புத்தகம் பிரியுற மாதிரி பிரிஞ்சிடுச்சு. எல்லாம் ஒரே ஸ்லரிதான். ஏன்?

3வது ஊத்திட்டு 4வது ஊத்த லேட் ஆச்சான்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கும் அச்சு அசல் இதே மாதிரி நடந்திருக்கு, 3வது அடுக்கு உறைஞ்ச நேரத்துல ஒரு போன் வந்துச்சு, பேசி முடிச்சு வர முக்கால் மணி நேரம், திரும்பி வந்து பார்த்தப்போ மேற்பரப்போட ஈர மினுமினுப்பு போய் மங்கலா இருந்துச்சு, பரவாயில்லைன்னு ஊத்தினேன், சரியா அந்தக் கோட்டுலதான் பிரிஞ்சுது. நேத்து போட்ட கான்கிரீட் மேல இன்னைக்கு போட்டா நடுவுல ஒரு கோடு நிக்குமே, அதேதான்.

உள்ள நடக்கிறது இது. புது ஸ்லரியில இன்னும் பாலிமராகாத மோனோமர் இருக்கு. கீழ் அடுக்கு ஈரமான ஜெல்லா இருந்தா அந்த மோனோமர் கொஞ்சம் கீழ ஊடுருவிப் போய், அங்க இருக்கிற வலைக்குள்ளயே புகுந்து பின்னிக்கும், அப்போ ரெண்டு அடுக்குக்கும் ஒரே வலை. கீழ் அடுக்கு காய ஆரம்பிச்சிட்டா துளைகள்ல காத்து ஏறிடும், புது ஸ்லரியோட தண்ணியை அது உறிஞ்சும், உறிஞ்சி ஊதும், அதோட கோட்டை ஒட்டி குமிழும் மாட்டிக்கும். சீக்கிரம் ஊத்தினாலும் தப்பு, கீழ இருக்கிறது இன்னும் உறையலைன்னா ரெண்டும் கலந்து கோடே இருக்காது, ரெண்டாவது பொருளா சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) ஊத்தியிருந்தா அலுமினாவுக்குள்ள அது புகை மாதிரி சுருண்டு கிடக்கும்.

சரியான நேரத்தை கடிகாரத்தை மட்டும் வச்சு பிடிக்காதீங்க. பாலிமராகுறதை ஆரம்பிச்சு வைக்கிற இனிஷியேட்டரா அம்மோனியம் பெர்சல்ஃபேட், வேகம் கூட்ட டெமெட், இது ரெண்டையும் போட்டதுக்கப்புறம் உறைய ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு அமைதியான நேரம் இருக்கும், ரூம் சூடு ரெண்டு மூணு டிகிரி மாறினாலே அந்த நேரமும் மாறிடும். பாலிமராகும்போது சூடு வெளிய வரும், அதனால அதே பேட்ச்ல கொஞ்சத்தை ஒரு சின்ன கப்புல எடுத்து தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கிற கம்பி) விட்டு வைங்க, வெப்பநிலை திடீர்னு ஏற ஆரம்பிக்கிற நிமிஷம்தான் உறைய ஆரம்பிக்கிற நிமிஷம், ஏறி நின்னு லேசா இறங்கத் தொடங்கினதும் அடுத்த அடுக்கை ஊத்திடுங்க. மேற்பரப்பு அப்போ ஈரமா கண்ணாடி மாதிரி மின்னணும், மோல்டை லேசா தட்டினா அலை ஓடக்கூடாது. ரெண்டுமே பொருந்தணும்.

ஊத்துறதும் முக்கியம், மேல இருந்து நேரா ஊத்தினா கீழ் ஜெல்லுல குழி விழும், ஸ்பேச்சுலாவை சாய்ச்சு பிடிச்சு அது வழியா வழிய விடுங்க. கனத்தை கண்ணால அளக்க வேண்டாம், சிரிஞ்ச் போதும், 50க்கு 50 மில்லிமீட்டர் மோல்டுல 2 மில்லிமீட்டர் அடுக்குன்னா சரியா 5 மில்லிலிட்டர்.

இன்னொண்ணு, இதை நானே ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன்: மோல்டு வச்ச மேசை 1 டிகிரி சாஞ்சிருந்தாலே 50 மில்லிமீட்டர் நீளத்துல முதல் அடுக்கு ஒரு ஓரத்துல இன்னொரு ஓரத்தை விட கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் கனமா வந்துடும். ஆனா ரெண்டாவது அடுக்குல இருந்து அந்தக் கோணல் வராது, ஏன்னா முதல் அடுக்கோட மேற்பரப்பு தானாவே மட்டமா உறைஞ்சிருக்கும், அதுக்கு மேல வர்றதும் மட்டமாத்தான் நிக்கும். நடுவுல மோல்டைத் தூக்கி வேற இடத்துல வச்சா மட்டும் புதுசா கோணல் ஆரம்பிக்கும். அதனால ரசமட்டம் வச்சு ஒரு தடவை மட்டம் பாருங்க, அப்புறம் கடைசி வரைக்கும் அசைக்காதீங்க.

கேள்வி: மேல் அடுக்கோட மேற்பரப்பு மட்டும் பிசுபிசுன்னே இருக்கு, காய்ஞ்சதும் தோல் உரியுற மாதிரி உரியுது.

காத்துல இருக்கிற ஆக்சிஜன் வேலை அது. பாலிமர் சங்கிலி வளர்ற முனையை ஆக்சிஜன் பிடிச்சு நிறுத்திடும், அதனால காத்து படுற பரப்புல மட்டும் பாதியிலயே நின்னுடுது. நைட்ரஜன் மூட்டத்துல உறைய விடுங்க, இல்ல ஒரு தட்டை மேல மூடுங்க. அந்த வசதி இல்லைன்னா ஸ்லரியில கொஞ்சம் பாலிவினைல் பைரோலிடோன் கரைச்சா உரியுறது நல்லாவே குறையும். நடு அடுக்குகளுக்கு இந்தக் கவலை அவ்வளவா வேண்டாம், அடுத்தது ஊத்தின உடனே காத்து தொடர்பு போயிடும்.

கேள்வி: 55 சதவீத அலுமினா ஒரு அடுக்கு, 50 சதவீத சிர்கோனியா ஒரு அடுக்கு, இப்படி மாத்தி மாத்தி 4 அடுக்கு. ஜெல் ஆனப்போ அருமையா இருந்துச்சு, 1550 டிகிரியில சின்டர் பண்ணி எடுத்தா தட்டு மாதிரி குழிஞ்சு, சிர்கோனியா முழுக்க விரிசல். ஊத்தினதுல தப்பா?

ஊத்தினதுல தப்பில்லைங்க, அதுக்கு முன்னாடி கணக்குல. இந்தக் கேள்வியை கொஞ்சம் விரிவாவே எடுத்துக்கிறேன், அடுக்கு செராமிக் செய்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இங்க வந்து முட்டிக்கிறாங்க.

முதல் விஷயம் சுருக்கம். 55 சதவீத பொடி இருக்கிற ஜெல், துளையே இல்லாம முழுசா கெட்டியானா 100 மில்லிமீட்டர் நீளம் 82க்கு வரும். 50 சதவீதம்னா 79.4க்கு வரும். ஒட்டிப் பிறந்த ரெண்டு அடுக்குல ஒண்ணு 82ல நிக்கணும்ங்குது, இன்னொண்ணு 79.4க்குப் போகணும்ங்குது, நூத்துக்கு ரெண்டரை மில்லிமீட்டர் இழுபறி. செராமிக் இவ்ளோ இழுவையை தாங்கவே தாங்காது. ரெண்டு ஸ்லரியும் ஒரே பொடி அளவுக்கு வரணும், சிர்கோனியாவை 55க்கு ஏத்த முடியலைன்னா அலுமினாவை 50க்கு இறக்குங்க. கெட்டியான ஸ்லரிதான் பெருமைன்னு நினைச்சு அலுமினாவை மட்டும் 58 வரைக்கும் கொண்டு போறவங்க இருக்காங்க, தனிக்கட்டிக்கு அது நல்லது, அடுக்குக்கு அதுவே ஆபத்து.

அளவு ஒண்ணானா மட்டும் போதாது, எப்போ சுருங்க ஆரம்பிக்குதுங்கிறதும் ஒத்துப்போகணும். ரொம்ப நுண்ணிய சிர்கோனியா பொடி அலுமினாவுக்கு முன்னாடியே சுருங்க ஆரம்பிச்சிடும். டைலடோமீட்டர் (சூடாகும்போது நீளம் எப்படி மாறுதுன்னு அளக்கிற கருவி) இருந்தா ரெண்டையும் தனித்தனியா ஓட்டி வளைவுகளை ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க, விலகல் பெருசா இருக்கிற வெப்பநிலையில மெதுவா ஏத்துங்க, பொடியோட துகள் அளவை மாத்தியும் கிட்ட கொண்டு வரலாம்.

அடுத்தது ஆறும்போது. சிர்கோனியா ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 10.5 மைக்ரான் ஒரு மீட்டருக்கு சுருங்கும், அலுமினா 8 கிட்ட. உச்ச சூட்டுல பொருள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், 1200 டிகிரிக்கு கீழ வந்ததும் நெகிழாது, அப்போ இருந்து ஒவ்வொரு டிகிரிக்கும் சிர்கோனியா அதிகமா சுருங்கப் பார்க்குது, அலுமினா விட மாட்டேங்குது. சிர்கோனியா இழுவிசையில மாட்டி குறுக்கால விரியுது, உங்க போட்டோவுல அடுக்குக்கு செங்குத்தா வரிசையா தெரியுறது அதுதான். மெதுவா ஆற விட்டா கொஞ்சம் உதவும், ஆனா ரெண்டு பொருளோட குணம் மாறப் போறதில்ல. சுத்த சிர்கோனியாவை விட்டுட்டு அலுமினாவுலயே 10ல இருந்து 20 சதவீதம் சிர்கோனியா கலந்து உள் அடுக்கா வைங்க, வெளி அடுக்கு சுத்த அலுமினாவா, உள்ளை விட மெல்லிசா இருக்கட்டும். இழுவை குறையும், வெளிய அமுக்கம் மிச்சம் இருக்கும், அதானே நமக்கு வேணும்.

குழிஞ்சது ஏன்னா 4 அடுக்குங்கிறதால. ஒரு பக்கம் அலுமினா, மறுபக்கம் சிர்கோனியா, அப்போ வளையாம என்ன செய்யும். ஒற்றைப்படை எண்ணிக்கையில போடுங்க, 3, 5, 7, மேலயும் கீழயும் ஒரே பொருள், ஒரே கனம்.

கேள்வி: விரிசல் எந்தக் கட்டத்துல வந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? காயும்போதா, பாலிமர் எரியும்போதா, ஆறும்போதா?

இருக்கு, விரிசலே சொல்லும். வாய் அகலமா திறந்திருந்தா அது சுடுறதுக்கு முன்னாடியோ எரியும்போதோ வந்தது, சின்டரிங்ல ரெண்டு பக்கமும் சுருங்கி விலகி அகலமாயிருக்கும். மயிரிழை மாதிரி மெல்லிசா இருந்தா ஆறும்போது வந்ததா இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியா தெரியணும்னா விரிசல் வழியாவே உடைச்சு எஸ்இஎம்ல (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பாருங்க, முன்னாடியே வந்த விரிசல்னா உள்சுவர்ல துகள்கள் சூட்டுல உருண்டு வழவழன்னு இருக்கும், கடைசியில வந்ததுன்னா உடைஞ்ச கண்ணாடி மாதிரி கூரா இருக்கும். அந்த ஒரு படம் எடுத்துட்டு அப்புறம் சூளையோட புரோகிராமை மாத்துங்க. காரணம் தெரியாம மாத்தி மாத்தி சுட்டு மாசக்கணக்குல போறவங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: எவ்ளோ வேகமா காய வைக்கலாம்? ஹீட்டர் வச்சா?

வேண்டாங்க. தண்ணி வத்தின குளத்துல மண்ணு பாளம் பாளமா வெடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க, மேல காஞ்சு சுருங்க கீழ ஈரமா இருக்க, அதே கதைதான். முதல்ல 90 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் இருக்கிற மூடின பெட்டியில ரூம் சூட்டுலயே வைங்க, தினமும் எடை போடுங்க. சுருக்கம் எல்லாம் இந்த ஆரம்பக் கட்டத்துலயே முடிஞ்சிடும், துகள்கள் ஒண்ணை ஒண்ணு தொட்டதுக்கப்புறம் தண்ணி மட்டும்தான் வெளியேறும், அப்போ ஈரப்பதத்தை படிப்படியா குறைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் காய விடாதீங்க, வலைத்தட்டு மேல வச்சு அப்பப்போ திருப்பிப் போடுங்க. அப்புறம் பாலிமர் எரிக்கிறது, 200ல இருந்து 500 டிகிரி வரைக்கும்தான் அது சிதையுற இடம், அங்க நிமிஷத்துக்கு 1 டிகிரிக்கு மேல வேண்டாம், கனமான பீஸ்னா இன்னும் மெதுவா, 600ல ஒரு மணி நேரம் நிறுத்துங்க. கிராஃபைட் அடுக்கு வச்சிருக்கிறவங்க கவனம், காத்துல சுட்டா கிராஃபைட்டும் சேர்ந்து எரிஞ்சிடும், உயர் சூட்டுக்கு ஆர்கான் வேணும்.

கேள்வி: எம்.எஸ்சி. மாணவி. எங்க லேப்ல மோனோமரா அக்ரிலமைடுதான் இருக்கு, அண்ணன்மார் எல்லாம் வெறும் கையாலதான் எடை போடுறாங்க. பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்லவே முடியாதும்மா. அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கிற நச்சு, தோல் வழியாவே உள்ள போகும், புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளதுன்னு சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2ஏ பிரிவுல வச்சிருக்கு. பொடியா எடை போடுறப்போதான் ரொம்ப ஆபத்து, தூசி பறக்கும். கிளவுஸ், மாஸ்க், ஃபியூம் ஹூட் மூணும் இல்லாம டப்பாவையே திறக்காதீங்க, அண்ணன்மாருக்கும் இதை காட்டுங்க. பாலிமரான அப்புறம் நச்சு போயிடும்னு சொல்வாங்க, முழுசா பாலிமராகாம மிச்சம் நிக்கிற மோனோமர் இருக்கும், அதனால ஈர ஜெல்லையும் வெறும் கையால தொடாதீங்க. மீதி ஸ்லரியை சிங்க்ல கொட்டக் கூடாது, உறைய வச்சு கெமிக்கல் கழிவுல சேருங்க.

ஓக் ரிட்ஜ்காரங்களே இந்தக் காரணத்துக்காகத்தான் மீத்தாக்ரிலமைடுக்கு மாறினாங்க, அதுவும் முழு பாதுகாப்புன்னு இல்ல, ஆனா நச்சு குறைவு. உங்க வேலைக்கு ஒத்து வரும்னா இன்னும் தள்ளிப் போகலாம். அகரோஸ் சூடா இருக்கும்போது கரைஞ்சு 40 டிகிரிக்கு கீழ வந்தா உறையும், ஆக்சிஜன் தொந்தரவே கிடையாது, ஸ்லரியை மட்டும் சூடாவே வச்சிருக்கணும், அது கெட்டியா வேற இருக்கும். அடுக்கு ஊத்தும்போது சூடான ஸ்லரி கீழ் ஜெல்லோட மேற்பரப்பை மறுபடி கொஞ்சம் இளக வைக்குமோன்னு பார்த்துக்கணும். ஐசோபாம்னு ஒரு பாலிமர் இருக்கு, பொடி எடையில 0.3 சதவீதம் போட்டா போதும், அதுவே துகள்களைப் பிரிச்சு வைக்கும், அதுவே ரூம் சூட்டுல மெதுவா உறையவும் வைக்கும், இனிஷியேட்டரே வேண்டாம். ஜெல் கொஞ்சம் மென்மையா இருக்கும், மோல்டுல இருந்து எடுக்கும்போது பொறுமை வேணும், ஆனா கரிமப் பொருள் இவ்ளோ குறைவுங்கிறதால எரிக்கிற கட்டம் ரொம்ப சுலபம். புதுசா ஆரம்பிக்கிறவங்க அலுமினாவை ஐசோபாம்லயே தொடங்கணும்னுதான் என் விருப்பம்.

கேள்வி: டேப் காஸ்டிங் (ஸ்லரியை பிளேடால மெல்லிய தகடா இழுக்கிற முறை) பண்ணி தகடுகளை அடுக்கி அழுத்தினாலே அடுக்கு வந்துடுமே, ஜெல்காஸ்டிங் எதுக்கு?

மெல்லிய அடுக்கு நிறைய வேணும்னா டேப் காஸ்டிங்தான், அதுல சந்தேகமே இல்ல. போன்ல இருக்கிற பல அடுக்கு கெப்பாசிட்டர்ல பேரியம் டைட்டனேட் அடுக்கு ஒண்ணு 1 மைக்ரானுக்கும் கீழ, நூத்துக்கணக்குல அடுக்கியிருப்பாங்க, அதை ஊத்தியெல்லாம் செய்ய முடியாது. அரை மில்லிமீட்டருக்கு மேல கனமான அடுக்கு, இல்ல வளைஞ்ச வடிவம், இல்ல கலவை படிப்படியா மாறுற மாதிரி வேணும்னா ஜெல்காஸ்டிங்குக்கு வாங்க. ரெண்டையும் சேர்க்கவும் செய்றாங்க, டேப் ஸ்லரியிலயே மோனோமர் போட்டு பிளேடுல இழுத்து உறைய வைக்கிறது, கரைப்பான் ஆவியாகக் காத்திருக்க வேண்டாம், தண்ணியிலயே வேலை முடியும். அப்படி செய்றவங்க தகடுகளை ஈரமா இருக்கும்போதே அடுக்கிடுங்க, காய்ஞ்ச தகடு ஒட்டணும்னா அதுக்கு சூடும் அழுத்தமும் தனியா கொடுக்கணும்.